கடிச்சுக்க என்ன இருக்கு?

எங்கள் வீட்டில் மிளகாயை யாரும் ருசி பார்த்தது கிடையாது. குழம்பில் உப்புப் பார்ப்பார்கள், பாகில் பதம் பார்ப்பார்கள், பெண் கேட்டு வருகிறவர்களின் பேச்சில் சுருதி பார்ப்பார்கள். மிளகாயைக் கடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆகையால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சென்னையில் ஒரு காபிக்கடையின் மொட்டைமாடியில், தலைக்கு 1,200 ரூபாய் கட்டி மிளகாயை ருசி பார்க்க உட்கார்ந்தபோது, செத்துப்போன அப்பத்தா முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோலவே இருந்தது. அவள் இருந்திருந்தால் முதல் கேள்வியாக “சோறு எங்கடா?” என்று கேட்டிருப்பாள்.

சோறு இல்லை. கறுப்புக் கல் பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் ஏழு பீங்கான் கரண்டிகள், ஒவ்வொன்றிலும் போலியோ சொட்டு மருந்தின் அளவுக்கு ஒரு சாஸ். பக்கத்தில் பல்குத்தும் குச்சிகள், வெள்ளரித் துண்டு, உப்பில்லாத ரொட்டி, சின்னக் கண்ணாடிக் குவளையில் பால். மிளகாய்ச் சாஸுக்குப் பாலா என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கூட்டிக்கொண்டு போனது மகள். பணமும் அவள்தான் கட்டினாள். “நீங்க மிளகாய்க் காட்டுக்காரர்ப்பா, உங்களுக்குத்தான் இது” என்றாள். அதில் தப்பு அவளுடையதில்லை. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து, சாப்பாட்டில் காரம் என்று சிணுங்கும்போதெல்லாம், உன் வயதில் நான் பச்சை மிளகாயை வேர்க்கடலைபோல மென்றேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். சொன்ன கதைக்கு ஒரு நாள் வட்டி கட்டவேண்டி வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், காரம், புளி, காபி மூன்றையும் விட்டுவிடச் சொல்லியிருந்தார். மூன்றையும் விட்டால் ராமநாதபுரத்துக்காரனிடம் பிடிவாதம் மட்டும்தான் மிஞ்சும். அன்றைக்குக் கிளம்பும்போது மகளுக்குத் தெரியாமல் ஒரு வயிற்றெரிச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சியை நடத்திய பையனுக்கு முப்பது வயதிருக்கும். தோல் ஏப்ரன், அளவாக வெட்டிய தாடி. “சாஸை யாரும் சாப்பிடாதீங்க, முதல்ல அதைச் சந்திங்க” என்று ஆரம்பித்தான். சந்திப்பதற்கு முறை இருக்கிறது. முதலில் வெளிச்சத்தில் நிறம். பிறகு மூக்கு, ஆனால் கரண்டிக்குள் மூக்கை விடக்கூடாது, கையால் வாசனையை விசிறித் தன் பக்கம் தள்ளிக்கொள்ள வேண்டும். பிறகு குச்சி நுனியில் ஒரு துளி. நாக்கில் வைத்த பிறகு முப்பது வினாடி பேசக்கூடாது. சாதுவில் தொடங்கிச் சண்டாளனில் முடிக்க வேண்டும். வரிசை மாறினால் நாக்கு மரத்துப்போய் அடுத்தது எதுவும் தெரியாது. இதெல்லாம் சரியான பேச்சுதான். ஆனால் முப்பது வினாடி பேசாமல் இருப்பதற்கு எங்கள் ஊரில் யாரும் விதி போட்டதில்லை. உறைத்தால் தானாகவே பேச்சு நின்றுவிடும்.

அதற்கப்புறம் அவன் ‘பேரிங்’ என்றான். எந்தச் சாஸ் எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்கிற பொருத்தம் பார்ப்பது. ஒவ்வொரு சாஸுக்கும் ஒரு கடி அளவில் ஏதோ ஒன்று வரப்போகிறது என்றான்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள். காட்டிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்காரும் ஆள், கும்பாவில் கஞ்சியைப் பார்த்ததும் கேட்பார்: “கடிச்சுக்க என்ன இருக்கு?” வெஞ்சனம் என்றால் ஆக்கியது, பொரித்தது, செலவு வைத்தது. கடிச்சுக்க என்றால் இருப்பது. இரண்டு சின்ன வெங்காயம். ஒரு துண்டு கருவாடு கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் எண்ணெய் தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு வத்தல் மிளகாயை எண்ணெயில் பொரித்து, எண்ணெயும் இல்லையென்றால் அடுப்புத் தணலில் வாட்டி, ஒரு உப்புக் கல்லோடு கும்பாவின் விளிம்பில் வைப்பார்கள். மிளகாயின் வேலை ருசி கொடுப்பது என்று அங்கே யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் வேலை கஞ்சியைத் தொண்டைக்குக் கீழே தள்ளுவது. ஒரு கடி கடித்தால் மூன்று வாய் கஞ்சியை மளமளவென்று குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாய் வெந்துவிடும். “ஒரு வத்தலுக்கு ஒரு கும்பா” என்பது அப்பத்தாவின் கணக்கு. வத்தல் பெரிதாக இருந்தால் பாதியைக் கிள்ளி நாளைக்கு எடுத்து வைப்பாள்.

அந்த வத்தல் இப்போது கஞ்சியை உதறிவிட்டுச் சென்னைக்கு வந்து, தான் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு எது கடித்துக்கொள்ள ஏற்றது என்று ஆட்களை வைத்துப் பொருத்தம் பார்க்கிறது.

முதல் மூன்று சாஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாவது பச்சை நிறம், ஹலபேன்யோ. மெக்சிகோவின் ஹலாபா ஊர்ப்பெயரில் பிறந்த பெயர்; எங்கள் ஊர்க் குடைமிளகாய் கொஞ்சம் கோபப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இரண்டாவது பூண்டு போட்ட சிராச்சா வகை. தாய்லாந்தின் கடலோர ஊர்ப்பெயரைத் தாங்கிய இந்தச் சாஸை, பச்சை மூடிப் பாட்டிலில் உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் டேவிட் டிரான். வியட்நாமிலிருந்து அகதியாகக் கப்பலேறியவர், 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் கம்பெனி தொடங்கியபோது, தன்னைக் கரைசேர்த்த கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார். இதைப் பையன் சொன்னபோதுதான் அவன்மேல் எனக்கு முதல் மரியாதை வந்தது. மூன்றாவது அன்னாசியும் ஹபனேரோவும். அதற்குப் பொரித்த இறால் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. இறால் எதோடும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு கரண்டிக்குப் பின்னாலும் ஒரு அட்டை, அதில் ஒரு எண். ஸ்கோவில் அளவு. வில்பர் ஸ்கோவில் என்கிற அமெரிக்க மருந்தாளர் 1912-ல் கண்டுபிடித்த முறை. டெட்ராய்ட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தவர். அவர் கவலை சாப்பாடு பற்றியதில்லை, வலித் தைலத்தில் சேர்க்கும் மிளகாயின் வீரியத்தை எப்படி ஒரே சீராக வைப்பது என்பது. வத்தலைச் சாராயத்தில் ஊறவைத்துச் சத்தை இறக்கி, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, ஐந்து பேர் கையில் கொடுத்தார். உறைக்கிறது என்றார்களா, இன்னும் தண்ணீர் விடு. ஐந்து பேரில் மூன்று பேர் இப்போது உறைக்கவில்லை என்று சொல்லும்வரை எத்தனை மடங்கு தண்ணீர் போயிற்றோ, அதுதான் அந்த மிளகாயின் எண்.

ஐந்து பேரை உட்கார வைத்து மூன்று பேர் சொன்னால் முடிவு. பஞ்சாயத்துதான். இப்போது கருவியில் ஏற்றி அளந்துவிடுகிறார்கள், பஞ்சாயத்தைக் கலைத்துவிட்டார்கள்.

அப்பத்தாவிடமும் ஒரு அளவு இருந்தது. அதில் மூன்றே படி. மூக்குத் தண்ணி, கண்ணுத் தண்ணி, காதடைப்பு. சந்தையில் வத்தல் வாங்குகிறவர்கள் “எப்படி ஆத்தா, உறைக்குமா?” என்று கேட்டால், “ரெண்டாந் தண்ணி வரும்” என்பாள். அந்த அளவில் பொய் சொல்ல முடியாது. வாங்குகிறவன் கண்ணே சாட்சி.

நான்காவது கரண்டிக்கு வந்தபோது பையன் குரலைத் தாழ்த்தினான். பாட்டிலைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினான். 150 மில்லி. கழுத்தில் சணல் கயிறு. “ராம்நாட் முண்டு. ஃபெர்மென்டட். சன் டிரைடு.” 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் என்றும், வானம் பார்த்த பூமியில் விளைவது என்றும், உருண்டையாக இருக்கும் என்றும் சொன்னான். மகள் என்னை முழங்கையால் இடித்தாள். மேசையில் இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

குண்டு மிளகாய் என்போம். கையில் எடுத்தால் இலந்தைப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நன்றாகக் காய்ந்ததைக் காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். காரத்தில் இதற்குப் பெரிய பேர் கிடையாது, லட்சக்கணக்கு எண் வைத்திருக்கிறவர்களின் பக்கத்தில் நிற்க முடியாது. தோல் கெட்டி, நிறம் கெட்டி, எண்ணெயில் போட்டால் ஊரையே கூப்பிடும் வாசனை. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பு. மழை பெய்தால் தை, மாசியில் பழம் எடுக்கத் தொடங்கி வெயில் முற்றும்வரை எடுப்பார்கள். பெய்யாவிட்டால் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

“இதுல மூணு நோட்ஸ் கிடைக்கும். ஸ்மோக், சன், எர்த்” என்றான் பையன். புகை, வெயில், மண்.

மண் கிடைக்கும், அதற்கு நான் ஜாமீன். நாங்கள் காயப்போட்டது தார்ச்சாலையில். களம் வைத்திருந்தவர்கள் களத்தில் போட்டார்கள். எங்களுக்கு ஊருக்கு வெளியே போகும் ரோட்டில் பாதி சொந்தம். காலையில் விரித்து, சாயங்காலம் கூட்டிக் குவித்து, சாக்கால் மூடுவோம். பஸ் வரும்போது டிரைவர் மறு பாதியில் ஓட்டிக்கொண்டு போவார். எதிரே லாரி வந்துவிட்டால் மிளகாய்மேல்தான் ஏற வேண்டும், ஏறுவார், மன்னிப்புக்கு ஹாரன் அடிப்பார். அந்த வாசனையையும் சேர்த்தால் நான்காவதாக டயர் என்று ஒரு நோட்டும் அந்த அட்டையில் எழுதலாம். இப்போது தார்ப்பாய் விரித்துக் காயவை, பூஞ்சை நச்சு வரும் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்வது நியாயம்தான்.

பையன் அடுத்துச் சொன்னது ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் லூசியானாவின் ஏவரி தீவில் 1868-லிருந்து டபாஸ்கோ சாஸ் செய்கிறார்களே, அங்கே மிளகாய் பறிக்கிறவர்கள் கையில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு சின்னக் குச்சி இருக்குமாம். பழத்தின் பக்கத்தில் குச்சியை வைத்துப் பார்த்து, நிறம் ஒத்துப்போனால்தான் பறிப்பு. அரைத்ததை உப்புப் போட்டு ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருஷம் வரை அடைத்து வைப்பார்கள், மூடிமேலும் உப்பைக் கொட்டி. மூன்று வருஷம்! அப்பாவால் மூன்று நாள்கூட வைத்திருக்க முடிந்ததில்லை. வட்டிக்காரர் வந்துவிடுவார். அப்பா மூட்டையை வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோவார். அங்கேயும் நிறம் பார்க்கும் குச்சி இருந்தது, கமிஷன் கடைக்காரரின் விரல். மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, விரலால் பிரித்து, வெளுத்ததைத் தனியாகத் தள்ளி, “சண்டு சாஸ்தியா இருக்கே” என்பார். எத்தனை சிவப்பாகக் கொண்டுபோனாலும் அந்த வாக்கியம் மாறியதில்லை. பார்த்து முடித்த பிடி மூட்டைக்குள் திரும்பாது, மாதிரி என்று அவர் பக்கத்திலேயே ஒரு குவியலில் சேரும். நாள் முடிவில் அந்த மாதிரியே ஒரு மூட்டை ஆகியிருக்கும்.

குச்சி நுனியில் முண்டுச் சாஸை எடுத்து நாக்கில் வைத்தேன். முப்பது வினாடி.

முதலில் புளிப்பு, வினிகர். அதற்குப் பின்னால் பூண்டு. அதற்கும் பின்னால் மெதுவாக, வாசல்படியில் தயங்கி நிற்கும் தூரத்துச் சொந்தக்காரனைப்போல ஒரு வாசனை வந்தது. அம்மாவின் கை.

காம்பு கிள்ளும் நாட்களில் அம்மா எங்களைத் தொடமாட்டாள். நாள் முழுக்கக் கிள்ளிவிட்டு வந்த கை விடியும்வரை எரியும். கழுவினால் போகாது. நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, மோர்ச் சட்டிக்குள் விரலை விட்டபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். கைக்குழந்தையாக இருந்த தம்பி அழுதால் “அத்தை, இவனைக் கொஞ்சம் தூக்குங்க” என்று அப்பத்தாவைக் கூப்பிடுவாள். வேர்த்தால் முழங்கைக்கு மேலே தோளில் முகத்தைத் தேய்ப்பாள். மிளகாயின் எரிப்புச் சத்தான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், பாலிலும் மோரிலும் உள்ள கேசின் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் என்று பையன் அப்போது விளக்கிக்கொண்டிருந்தான். அதற்குத்தான் அந்தப் பால் குவளை. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிறோமே, அதுவும் அதேதான் என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் குறித்துக்கொண்டாள்.

“எப்படி இருக்கு சார், உங்க ஊரு?” என்று கேட்டான்.

“நல்லாருக்கு தம்பி” என்றேன். வேறு என்ன சொல்ல? அதற்குப் பொருத்தமாக அவர்கள் கொடுத்தது, ரொட்டித் துண்டின்மேல் வெண்ணெய்ப் பழத்தை மசித்து வைத்தது. அது ஒன்றும் மோசமில்லை. பழத்தின் கொழுப்பு காரத்தை அமர்த்திவிட்டு, வாசனையை மட்டும் நிற்கவிட்டது. வெண்ணெய்ப் பழம் வாங்கும் காசுக்கு வெண்ணெயே வாங்கியிருக்கலாமே என்று தோன்றியதை வெளியே சொல்லவில்லை.

சொன்னது வேறொன்று. கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, “காரம் எங்க முப்பாட்டன் சொத்து. அறுசுவையில அதுவும் ஒண்ணு” என்றேன். மகள் சிரித்துக்கொண்டே, “அப்பா, மிளகாய் அமெரிக்காக் கண்டத்துலேர்ந்து போர்ச்சுகீஸ்காரங்க கொண்டாந்தது” என்றாள். உண்மைதான். அதற்கு முன்னால் நம் காரமெல்லாம் மிளகு. மிளகுபோல உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பேர் வைத்து, புதிதாக வந்தவனுக்கு வீட்டுக்காரன் பேரையே கொடுத்துவிட்டோம். இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை, மிளகுதான். முன்னோர்களுக்கு அறிமுகமில்லாத ஆளை அவர்கள் இலையில் எப்படி வைப்பது? அப்படிப் பார்த்தால் அப்பத்தாவின் கும்பா விளிம்பில் கிடந்த அந்தச் சுட்ட வத்தல் கடல் கடந்து வந்த சீமைச் சரக்கு. அவளுக்குத் தெரிந்திருந்தால் கஞ்சிக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கும்.

ஐந்தாவது காந்தாரி மிளகாயும் மாங்காயும். அதற்கு இளநீர் ஐஸ்கிரீம். இதில் மட்டும் என் கேலி தோற்றது. குளிர்ச்சியும் தேங்காய்ப் பாலின் கொழுப்பும் முன்னால் போய் நாக்கைத் தடவிவிட, காந்தாரி பின்னாலேயே வந்து ஊசி போட, மறுபடி குளிர்ச்சி. இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். ஒருவருக்கு ஒன்றுதானாம்.

ஆறாவது புகையூட்டிய பூத் ஜொலோக்கியா. வடகிழக்கு மாநிலங்களின் மிளகாய். 2007-ல் கின்னஸ் ஏறியபோது பத்து லட்சம் ஸ்கோவிலைத் தாண்டிய முதல் மிளகாய் இதுதான். மூடியைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் இருமினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் வத்தலும் உப்பும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வரவில்லையென்றால் திருஷ்டி பலம் என்பார்கள். இருமல் வந்தால் நிம்மதி. அந்த மொட்டைமாடியில் யாருக்கும் திருஷ்டி இல்லை என்று சாட்சி சொல்லலாம்.

இனி ஏழாவது. அதற்கு முன்னால் ஒரு கோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பச்சை மிளகாயை வேர்க்கடலைபோல மென்ற பையன் எவனும் எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு மிளகாய் பிடிக்காது. பயம் என்றே சொல்லலாம். கும்பா விளிம்பில் வைத்த வத்தலைத் தின்னாமல் எழுந்தால் அப்பத்தா திட்டுவாள்: “உறைப்பு திங்காதவன் என்னடா ஆம்பள?” ஆகவே அவள் திரும்பும் நேரம் பார்த்துத் திண்ணைக்குக் கீழே போட்டுவிடுவேன். அங்கே ஒரு செவலைக் கோழி காத்திருக்கும். வத்தலை இரண்டு தட்டுத் தட்டி, விதையெல்லாம் சிதறவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். கண்ணில் தண்ணீர் கிடையாது, தலையை உதறுவது கிடையாது. தின்றுவிட்டு நிமிர்ந்து அடுத்ததை எதிர்பார்க்கும். கஞ்சியை நான் உப்புக் கல்லை நக்கியே குடித்து முடிப்பேன். காலிக் கும்பாவைப் பார்த்து அப்பத்தா, “எம் பேரன் ஒரு வத்தலை அப்படியே திம்பான்” என்று தெருவெல்லாம் சொன்னாள். நான் மறுக்கவில்லை. பிறகு நானே சொல்ல ஆரம்பித்தேன். நாற்பது வருஷம் சொன்னதில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தக் கோழியின் வைராக்கியத்தை நான் நெடுநாள் வியந்திருக்கிறேன். 1997-ல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆய்வுக்கூடம், நம் நரம்பு முனையில் கேப்சைசினைக் கண்டுகொள்ளும் புரதத்தை அடையாளம் கண்டது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்வதும் அதே புரதம்தான். மிளகாய் செய்வது ஏமாற்று வேலை: தீ இல்லாமல் தீ என்று கத்த வைக்கிறது. 2021-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆக, அறிவியல்படி காரம் ஒரு சுவையே இல்லை, அது சூட்டு வலி. அறுசுவைக் கணக்கில் ஒன்று குறைகிறது. ஆனால் இனிக்குது, புளிக்குது என்று நாக்கின் கணக்கில் பேசுகிற எங்கள் ஊர்க்காரர்கள், மிளகாய்க்கு மட்டும் “எரியுது” என்றுதானே சொன்னார்கள்? நோபல் கமிட்டி ஊர்ப்பக்கம் வந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். பறவைகளின் உடம்பிலுள்ள அந்தப் புரதமோ கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. பறவை விதையை மெல்லாமல் விழுங்கித் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும். செடிக்கு அது லாபம். கோழிக்கு வைராக்கியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்கு உறைக்கவே இல்லை. என் வீரத்துக்கு அஸ்திவாரமாக நின்றது அப்படிப்பட்ட கோழி.

ஏழாவது கரண்டியில் கரோலினா ரீப்பர். 2013-ல் உலகிலேயே காரமான மிளகாய் என்று பதிவானது. அதை வளர்த்தெடுத்த எட் கரியே 2023-ல் பெப்பர் எக்ஸ் என்று இன்னொன்றைக் கொண்டுவந்து தன் சாதனையைத் தானே முறியடித்தார். அதன் எண் 26 லட்சத்து 93 ஆயிரம். தின்று பார்த்தபோது மூன்றரை மணி நேரம் எரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். “இது கட்டாயமில்ல. வேண்டாம்னா விட்டுடலாம்” என்றான் பையன். ஒன்பது பேரில் ஆறு பேர் கையை எடுத்துவிட்டார்கள். மகள் என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகமே இல்லை, அதுதான் சிக்கல். குச்சியை எடுத்தேன். மற்றவர்கள் நுனியைத் தொட்டார்கள். நான் முக்கினேன்.

முதல் ஐந்து வினாடி பழ வாசனை, இனிப்பு. இவ்வளவுதானா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. மூக்குத் தண்ணி, கண்ணுத் தண்ணி, காதடைப்பு மூன்றும் வரிசை பார்க்காமல் ஒன்றாக வந்தன. பிறகு அப்பத்தாவின் அளவில் இடமில்லாத ஒன்று வந்தது, விக்கல். என் பாலைக் குடித்தேன். மகளின் பாலைக் குடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த, சற்று முன் குறிப்பெடுத்த பெண், தன் குவளையைத் தானாகவே என் பக்கம் நகர்த்தினாள். பையன் ஒரு ஐஸ்கிரீம் கொண்டுவந்தான். ஒருவருக்கு ஒன்று என்ற விதி எனக்காகத் தளர்ந்தது. விக்கலுக்கு நடுவில் பையிலிருந்த மாத்திரையைத் தேடி எடுத்தபோது, அதை மகள் பார்த்துவிட்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கோழிக் கதையைச் சொன்னேன். வேளச்சேரி சிக்னல்வரை சிரித்தாள். “அப்ப அந்தக் கோழிக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கணும்” என்றாள்.

கிளம்பும்போது முண்டு மிளகாய்ச் சாஸ் பாட்டில் ஒன்று வாங்கியிருந்தாள், 550 ரூபாய். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு பொருத்தம் பார்க்க உட்கார்ந்தேன். முதல் நாள் இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லியிருந்தேன். பழையதின் விளிம்பில் நாலு சொட்டு விட்டேன். சேரவில்லை. புளித்த சோற்றுக்குப் புளித்த சாஸ் எதற்கு? இரண்டு கோபக்காரர்களை ஒரே அறையில் விட்டதுபோல ஆகிவிட்டது. கஞ்சிக்கு வேண்டியது வாயில் கரகரக்கும் ஒன்று, உப்பும் எண்ணெயும் ஏறியது. மனைவி மோர் மிளகாய் பொரித்துக்கொண்டு வந்து வைத்தாள். ஒன்றை மட்டும் எடுத்தேன். பாதியைக் கிள்ளி வைத்துவிட்டேன், டாக்டருக்குப் பயந்து. சாஸை மகள் ஆம்லெட்டில் ஊற்றிக்கொண்டாள், அதற்கு அது பிரமாதமாகச் சேர்ந்தது என்றாள். நானும் ஒரு வாய் வாங்கிப் பார்த்தேன். சேரத்தான் சேர்ந்தது.

ஊரில் இன்னும் மிளகாய் போடுகிறவன் தம்பிதான். அம்மா தொட முடியாமல் அப்பத்தாவிடம் கொடுத்த அதே கைக்குழந்தை. போனில் விஷயத்தைச் சொன்னேன். இந்த வருஷம் மண்டியில் கிலோ 200 ரூபாய்க்கே இழுபறி என்றான். சண்டு சாஸ்தி என்று இப்போதும் சொல்கிறார்களாம். மகன் காலம் வந்துவிட்டதால் சொல்கிறவரின் குரல் மட்டும் மாறியிருக்கிறது.

“550 ரூவாயா? அதுல எம்புட்டு மொளகா இருக்கும்ணே?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலின் பின்பக்கம் படித்தேன். “மொளகா 24 சதவீதம்னு போட்டிருக்கான்.”

“மிச்சம்?”

“வினிகர், பூண்டு, உப்பு. முதல்ல போட்டிருக்கிறது தண்ணி.”

“தண்ணியா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் குடிதண்ணீர் வண்டியில் வருகிறது, குடம் 10 ரூபாய்.

“அப்பச் சரியாத்தான்ணே வெல போட்டிருக்கான்” என்றான். “தண்ணியக் குடத்துல வித்தா பத்து ரூவா. பாட்டில்ல அடைக்கிற ரோசனை நம்மாளுகளுக்கு வரல, பாரு.”

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. யாரோ குடத்தை எடுத்து வரச் சொல்லிக் கத்தினார்கள்.

“வண்டி வந்திருச்சுண்ணே, வச்சிர்றேன்.”